புகைக் காகிதம்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

விதையை ஊறவைத்து முளைக்க வைக்கும் இந்தப் புகைக் காகிதத்தை, கத்தரி, மிளகாய், தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கத்துப் பூச்செடிகள் போடுகிறவர்கள் வாங்கலாம். வெண்டைக்கும் பீன்ஸுக்கும் வேண்டாம், காசுக்குக் கேடு. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம்.

பொருள் இதுதான். ஒரு சின்ன உறை, உள்ளே வட்டமாக வெட்டிய தடித்த காகிதங்கள். செடிகொடிகளை எரித்து வந்த புகையைத் தண்ணீரில் கரைத்து, அதில் காகிதத்தை ஊறப்போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். உறையைப் பிரித்ததும் ப்ராய் (இங்கே வெளியில் தணல் மூட்டி இறைச்சி சுடுவது) போட்ட மறுநாள் சட்டையில் வீசுமே, அந்த வாசனை. கிண்ணத்தில் ஒரு காகிதத்தைப் போட்டு 50 மில்லி தண்ணீர் ஊற்றி, விதைகளை 24 மணி நேரம் ஊறவைத்து, எடுத்த கையோடு விதைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நர்சரியில் வாங்கினேன். விலை ஒரு பெரிய பை தொட்டிமண்ணை எட்டும். காகிதத்துக்கு இவ்வளவா என்று என் வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான்.

இது மாயமந்திரச் சரக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப் பகுதியின் ஃபைன்போஸ் புதர்க்காடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்து மறுபடி முளைக்கிற காடு. விதைகளை எழுப்புவது நெருப்பின் சூடுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1990-ல் டி லாங்கே, பூஷே என்ற இருவர், ஆடுயினியா என்ற அரிய புதரின் விதைகளை எழுப்புவதற்குப் புகையே போதும் என்று காட்டினார்கள். அப்புறம் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் நெவில் பிரவுன் வரிசையாகப் பல ஃபைன்போஸ் செடிகளுக்குப் புகை காட்டிப் பார்த்தார். விதைத்த தட்டுகளைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, பீப்பாயில் தழையை எரித்து, அந்தப் புகையைக் குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். இப்போது நாம் வாங்கும் காகிதம் அந்தக் கூடாரத்தின் சுருக்கம்.

புகையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் விதையை எழுப்புவது எது என்று 2004-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில். இன்னொன்று எங்கள் ஊரிலேயே, குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில், வான் ஸ்டாடன் தலைமையில். அவர்கள் எரித்தது பாசெரினா என்ற ஃபைன்போஸ் புதரையும், நம் மலைச்சரிவெல்லாம் சிவந்து கிடக்கிற தெமெடா புல்லையும். கிடைத்த பொருளின் வகைக்கு காரிக்கின் என்று பெயர் வந்தது. நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே வேலை செய்யும் சரக்கு அது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சாமி அறையில் போடும் சாம்பிராணிப் புகை ஆகாதா என்று கேட்டார். செடியின் நார்ப்பொருளும் சர்க்கரையும் கருகும்போது பிறக்கிற பொருள் இது. ஆஸ்திரேலியாவில் வெறும் வடிகட்டித் தாளை எரித்தே எடுத்தார்கள். சாம்பிராணி பிசின், வேறு ஜாதி என்றேன். ஆன்ட்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

சரி, என் தோட்டம். இணையத்தில் இந்தக் காகிதத்தைப் புகழ்கிறவர்கள் பலரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. ஒரு நாள் முழுக்க ஊறவைத்தால் எந்த விதையும் கொஞ்சம் சீக்கிரம் முளைக்கும். ஆகவே காய்ந்த விதையோடு ஒப்பிட்டுப் புகைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது தப்பு. நான் ஒவ்வொரு விதையிலும் பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியைப் புகைத் தண்ணீரிலும் போட்டேன். ஒரே மண், ஒரே ஜன்னல்.

கத்தரியிலும் மிளகாயிலும் வித்தியாசம் தெரிந்தது. செப்டம்பரில் இங்கே பகல் சூடாக இருந்தாலும் ராத்திரி மண் சில்லென்று இருக்கும். அந்த மண்ணில் இவை இரண்டும் ஆடி அசைந்துதான் வரும். புகைத் தண்ணீரில் ஊறியவை சில நாள் முந்தி வந்ததோடு ஒன்றுபோல எழுந்தன. எனக்கு முக்கியம் அந்த ஒன்றுபோல வருவதுதான். ஒரு தட்டில் பாதி நாற்று நான்கு இலையோடும் மீதி அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டும் இருந்தால், எதற்குத் தண்ணீர் ஊற்றுவது, எதைப் பிடுங்கி நடுவது?

வெண்டையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஊறலே போதும். பீன்ஸ் 24 மணி நேரம் ஊறித் தோல் வெடித்து, பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போனது. உறையில் எல்லா விதைக்கும் ஒரே 24 மணி என்று அச்சிட்டிருப்பது அநியாயம், பருப்பு விதை அவ்வளவு நேரம் தாங்காது. தண்டுக்கீரை, அதாவது இங்கே எல்லாரும் ரெட் ஹெர்ப்ஸ் என்று கேட்டு வாங்குவது, அதன் விதை தூள் மாதிரி. ஊறிய விதையைக் காகிதத்திலிருந்து சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். தூவினாலே முளைக்கிற கீரைக்கு எதற்கு இந்தப் பாடு.

காசுக்கு உண்மையான மதிப்பு ரெஸ்டியோவில் தெரிந்தது. அது கேப் பக்கத்து நாணல் போன்ற செடி. ஏப்ரலில், ராத்திரி குளிரத் தொடங்கியதும் விதைத்தேன். வெறும் தண்ணீர்த் தட்டில் இரண்டொன்று மட்டும். புகைத் தட்டில் பச்சை மயிர் போல நெருக்கமாக வந்தது. கேப் செடி ஆசை உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்குங்கள்.

உறையின் பின்பக்கம் இருக்கும் ‘வறட்சி தாங்கும் பயிர்’ என்ற வாசகத்தோடுதான் எனக்குச் சண்டை. 2015, 2016 வறட்சியில் இங்கே தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையைப் படித்தால் கை தானாகப் பையைத் தொடும். இதற்குப் பின்னால் ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். காரிக்கினை உணரும் புரதம் கேஏஐ2, தீயையே பார்க்காத செடிகளிலும் இருக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் அதைச் செயலிழக்கச் செய்தபோது செடி தண்ணீரைச் சீக்கிரம் இழந்து வாடியது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. இலையின் மேல்பூச்சு சரியாக அமையவில்லை, இலைத்துளைகளும் சரியாக மூடவில்லை. அது செடிக்குள் இருக்கும் மரபணுவின் கதை. விதையை ஒரு நாள் புகைத் தண்ணீரில் போட்டால் எங்கள் கோடையான டிசம்பர் வெயிலில் தக்காளி வாடாது என்று அதிலிருந்து எப்படி வந்தார்கள்? மூடாக்குப் போட்டால் வாடாமல் இருக்கும், அதற்குக் காய்ந்த புல் போதும்.

விலைக்குத் திரும்புகிறேன். நாமே செய்யலாமே என்று தோன்றும். சந்தையில் பச்சை மீலிஸ், அதாவது மக்காச்சோளம், விற்கும் கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), விதைக்கதிர்களை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதாகச் சொன்னார். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டிலும் சோளக்கதிர் அடுப்படிப் பரணில்தான் இருக்கும். பூச்சி வராது என்பார்கள். மோடி என்ற ஆய்வாளர் (அவர் இல்லை, இவர் இங்கே பயிர் அறிவியல் பேராசிரியராக இருந்தவர்) 2002-ல், அப்படி அடுப்புக்கு மேலே வைத்த நாட்டு மக்காச்சோள விதைக்கு வீரியம் கூடுகிறது என்று எழுதினார். ஆக வழக்கத்தில் விஷயம் இருக்கிறது.

புகைத் தண்ணீர் மட்டும் வீட்டுச் சமாசாரம் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் 5 கிலோ காய்ந்த புல்லை எரித்து, அந்தப் புகையை 500 மில்லி தண்ணீருக்குள் 45 நிமிடம் செலுத்தி, பிறகு ஐந்நூறு மடங்குக்கு நீர்க்கச் செய்கிறார்கள். நீர்க்காமல் விட்டால் முளைப்பு நின்றுவிடும், ஏனென்றால் அதே புகையில் முளைப்பைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. அதையும் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தார் 2010-ல் பிரித்துக் காட்டினார்கள். எங்கள் தெருவில் சனிக்கிழமை ஆனால் புகைக்குப் பஞ்சமில்லை, அளவுக்குத்தான் பஞ்சம். அந்த அளவுக்காகவே நான் விலையைப் பொறுத்துக்கொள்கிறேன். அடுத்த ஏப்ரலில் ரெஸ்டியோவுக்கு மறுபடி வாங்குவேன். தயாரிப்பு மாதம் உறையில் இல்லை, அதைப் போடட்டும். பீன்ஸுக்குத் தனிக் குறிப்பும் போடட்டும்.

மிஞ்சும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். வெண்டை, தக்காளி நாற்றுகளின் இலையில் புகைத் தண்ணீர் தெளித்து வளர்ச்சி கூடியதாக 2007-ல் இதே பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. நான் தெளித்த தக்காளியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் தெளித்துக்கொண்டிருக்கிறேன், காசு கொடுத்தாயிற்றே.