தனிநபரிடம் துப்பாக்கி வாங்குவோர் கவனத்திற்கு: ஓட்டுநர் உரிமத்தின் படத்தை அனுப்பாதீர்கள்

அமெரிக்காவில் டெக்ஸஸிலோ, வாங்குபவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையைத் தனிநபர் விற்பனைக்குக் கட்டாயமாக்காத வேறெந்த மாநிலத்திலோ வசிக்கும் தமிழர்களிடம், முன்பின் அறியாத ஒருவர் துப்பாக்கி விற்க முன்வந்து, “உங்கள் பின்னணிச் சோதனையை நானே செய்துகொள்கிறேன், ஓட்டுநர் உரிமத்தின் இருபக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்” என்று கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு நேர்ந்ததை அதற்காகவே எழுதுகிறேன்.

ஹூஸ்டனுக்கு மேற்கே நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து பயிரிடும் நிலத்தில் காட்டுப்பன்றிகள் விதைப்பையெல்லாம் கிளறிப் போட்டுவந்ததால், பழைய வேட்டை ரைஃபிள் ஒன்றை வாங்குவதற்காக, விற்பதாக இணைய விளம்பரம் கொடுத்திருந்த ஒருவரிடம் பேசினேன். தானும் டெக்ஸஸ்வாசிதான் என்றார். தவறானவர் கையில் தன் துப்பாக்கி போய்விடக் கூடாது என்பதில் தமக்கு அக்கறை உண்டு என்று நிதானமாகப் பேசினார்; உரிமத்தின் படம், சோதனைக் கட்டணம், ரைஃபிளை எடுத்து வைப்பதற்கான முன்பணம் ஆகியவற்றைக் கேட்டார். அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் தனி அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கேட்டார். அதை நான் கொடுக்கவில்லை. மற்றவை போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய எண் செயலிழந்தது, விளம்பரமும் மறைந்தது.

பணம் போனதைக் காட்டிலும் கொடியது பின்னால் வந்தது. அந்த ஆள் என் உரிமத்தின் படத்தைத் தன்னுடைய அடையாளச் சான்றாக மற்றவர்களுக்கு அனுப்பி, என் பெயரிலேயே அவர்களிடமும் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஏமாந்தவர்களில் ஒருவர், உரிமத்தில் அச்சிட்டிருந்த முகவரியைப் பார்த்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வெளியே சென்றிருந்த நேரம் அது. துப்பாக்கிக்காகப் பணம் கொடுத்து ஏமாந்த ஒருவர் கோபத்தோடு வாசலில் நிற்க, என்ன நடந்தது என்றே அறியாத என் மனைவி கதவைத் திறக்காமலேயே பதில் சொல்லி அவரை அனுப்ப வேண்டியிருந்தது. வந்தவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் என்னைப் போலவே வஞ்சிக்கப்பட்டவர்.

இந்த மோசடி எடுபடுவதற்குக் காரணம், சோதனை எப்படி நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வகைசெய்து 1993இல் இயற்றப்பட்ட பிரேடி சட்டத்தின் தொடர்ச்சியாக, 1998 நவம்பர் முதல் எஃப்பிஐ நடத்திவரும் தேசிய உடனடிப் பின்னணிச் சோதனை முறையைத் தனிநபர் எவரும் தம் விருப்பப்படி அணுக முடியாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் மட்டுமே, வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்ட பிறகு, எஃப்பிஐ வழியாகவோ மாநில அமைப்பின் வழியாகவோ கேட்க முடியும். ஆகவே, “நானே சோதிக்கிறேன்” என்று சொல்லும் தனிநபர் அந்த ஒரு சொல்லிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். அரசின் அந்தப் படிவத்திலேயே கூட சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதுவது வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விற்பவர் அடையாளம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று இதே டெக்ஸஸில் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைச் சுட்டுக் கொன்றவன், 2014இல் கடையில் பின்னணிச் சோதனையில் தேறாதவன். பிறகு தனிநபர் ஒருவரிடம், எந்தச் சோதனையும் இல்லாமல், ரைஃபிளை வாங்கினான். அப்படி விற்றவர், உரிமமின்றித் துப்பாக்கி வணிகம் செய்ததற்காகப் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். அதை அறிந்தவர்கள் வாங்குபவர் யாரென்று தெரிந்துகொள்ள விரும்புவது நியாயமே, அந்த நியாயத்தைத்தான் மோசடிக்காரர்கள் முகமூடியாக அணிந்துகொள்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் கடைக்குப் போய், அவர் மூலமாகக் கைமாற்றிக்கொள்வதே சரியான வழி. அதற்குக் கட்டணம் உண்டு, பெரிய தொகை அல்ல. “அரசிடம் என் பெயர் போய்விடுமே” என்று அஞ்சி நம்மவர்களில் சிலர் அதைத் தவிர்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றதன்று. 2022 ஜூனில் கலிபோர்னியா நீதித்துறையின் இணையதளத்திலிருந்து, மறைத்து எடுத்துச்செல்லும் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்கள் வெளியே கசிந்தன. ஆயினும் கடையில் நிரப்பும் படிவம் வணிகரிடமே இருக்கிறது. கடை மூடப்பட்டால்தான் துப்பாக்கி வணிகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்புக்குப் போகிறது. சோதனையில் தேறியவரை அடையாளம் காட்டும் விவரங்களை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். முகமறியாத ஒருவரின் செல்பேசியில் கிடக்கும் என் உரிமத்தின் படத்தை அழிக்க எந்தச் சட்டமும் அவரை வற்புறுத்த முடியவில்லை.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். “தனிநபரிடம் வாங்கினால் யாரும் விசா கேட்கமாட்டார்கள்” என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். யாரும் கேட்காததால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது.

ஏற்கெனவே படம் அனுப்பியவர்கள் காவல்துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். வாசலுக்கு வருபவரிடம் காட்ட எனக்கு உதவியது அதுதான். உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்கிவிடாதபடி, ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை முடக்கிவையுங்கள். 2018 முதல் இதற்குக் கட்டணம் இல்லை. இன்றும் என் உரிமத்தின் படம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி விற்பதாகச் சொல்லி, தமிழ்ப் பெயருள்ள டெக்ஸஸ் உரிமத்தின் படத்தை எவரேனும் உங்களுக்குச் சான்றாக அனுப்பினால், பணம் அனுப்பாமல் உங்கள் ஊர்க் காவல்துறையிடம் அந்தப் படத்தைக் கொடுங்கள்.