சட்டைப்பை டார்ச்: ரிமோட் பேட்டரியா, கடிகார பேட்டரியா, சார்ஜ் போடுவதா?

கரன்ட் போன வீட்டுக்குப் போவதுதான் என் வேலை. இன்வெர்ட்டர் சர்வீஸ். மதுரை பழங்காநத்தத்தில் கடை, செல்லூர், ஆனையூர், ஒத்தக்கடை வரைக்கும் வண்டியில் சுற்றுவேன். சாயங்காலத்துக்கு மேல்தான் போன் அதிகம் வரும். மாடிப்படிக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் என்று வெளிச்சம் எட்டாத இடத்தில்தான் இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கும். டெஸ்டரும் டார்ச்சும் சட்டைப்பையில் இல்லாமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. இரண்டு வருஷமாகப் பல வகையை மாற்றி மாற்றிப் பையில் வைத்துப் பார்த்துவிட்டேன். எது நிலைத்தது, எது ஏன் வீட்டு அலமாரிக்குப் போனது என்று எழுதி வைத்தால் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் போனை முடித்துவிடுகிறேன். "போன்லதான் லைட் இருக்கேண்ணே, தனியா எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. செருப்பு தேடவும் சாவித்துவாரம் பார்க்கவும் போன் போதும். ஆனால் விளாங்குடியில் ஒரு வீட்டில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த்தொட்டியின் மிதவை சுவிட்சைப் பார்க்கக் குனிந்தபோது, ஈரக்கையிலிருந்து போன் நழுவி நாலடித் தண்ணீரில் விழுந்தது. உள்ளே போய்ச் சேரும் வரைக்கும் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அந்தப் போனில்தான் அன்றைக்குப் போகவேண்டிய ஆறு வீட்டின் முகவரியும் இருந்தது. போன் லைட் கிட்டத்தில் பரவுமே தவிர தூரம் போகாது, பிடிக்க ஒரு கை முழுதாக வேண்டும், ஈர விரலுக்குத் திரை கேட்காது. அன்றோடு போன் இந்தப் போட்டியிலிருந்து விலகிவிட்டது.

மிச்சம் இருப்பது நான்கு. ஏசி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ பேட்டரி ஒன்றில் எரியும் பேனா டார்ச். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி ஒன்றில் எரிவது. பேட்டரியை உள்ளேயே வைத்து மூடி, யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் சாவிக்கொத்து டார்ச். அப்புறம் 18650 என்கிற தடித்த லித்தியம் பேட்டரி போடுவது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 500 லூமன், 1000 லூமன் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. டார்ச்சுக்கென்று எஃப்.எல்.1 என்று ஓர் அளவீட்டு முறை இருக்கிறது. நல்ல கம்பெனிகள் அதன்படிதான் எண் போடும். அந்த முறையில் லூமனை அளப்பது போட்ட அரை நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள். எத்தனை மணி நேரம் எரியும் என்ற கணக்கோ, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் ஓடும். அதாவது '500 லூமன், 2 மணி நேரம்' என்றால் இரண்டு மணி நேரமும் 500 கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. விரல் நீள டார்ச்சில் 500 லூமனை எரிய விட்டால் உடம்பு சுட ஆரம்பிக்கும். உடனே உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில், ஓட்டு வீட்டுப் பரண்மேல் ஏறி நின்றால் இன்னும் சீக்கிரம் குறையும். தூரக்கணக்கும் அப்படித்தான். '100 மீட்டர்' என்றால் அந்த இடத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா அளவு. வயர் நிறம் பார்க்க அது ஆகாது.

பெட்டி எண்ணைவிட பேட்டரியின் கொள்ளளவு நம்பிக்கையானது. சார்ஜ் ஏற்றக்கூடிய ஏஏஏ நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 1 வாட் மணி. அதே வகையில் ஏஏ 2000, அதாவது 2.4 வாட் மணி. 18650 ஒன்று 10 வாட் மணியைத் தாண்டும். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் கொடுக்கும். பேனல் பெட்டிக்குள் பார்க்க 20 லூமன் தாராளம். அந்த வெளிச்சத்தில் ஏஏஏ நாலு மணி நேரம் தாங்கினால் ஏஏ பத்து மணி நேரத்தைத் தொடும். கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இனி ஏஏஏ பேனா டார்ச். இதன்மேல் எனக்குப் பாசம் அதிகம். பேட்டரி வெறும் 12 கிராம். பையில் இருப்பதே தெரியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பல்லில் கடித்துக்கொள்ளலாம், தாடை வலிக்காது. ஒன்றரை வருஷம் இதுதான் என் டார்ச். ஆனால் ஒரே நாளில் நாலைந்து வீடு ஏறினால் சாயங்காலத்துக்குள் மங்க ஆரம்பிக்கும். இரண்டாவது பேட்டரி கையில் வேண்டும். இன்னொன்று, இவ்வளவு சின்னக் கண்ணாடி தூரத்துக்கு வெளிச்சத்தை எறியாது. கிணற்றில் மோட்டார் எட்டிப் பார்க்க உதவாது.

ஏஏ அதைவிடக் கொஞ்சம் தடிமன் கூடுதல், அவ்வளவுதான். பேட்டரியின் எடை 25 கிராம் சொச்சம். நான் கடைசியில் வந்து நின்றது இதில்தான். காரணம் வெளிச்சம் இல்லை, பேட்டரி. அலங்காநல்லூர் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அணைந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி, "இந்தாங்க தம்பி, இதுல இருக்கறதப் போட்டுப் பாருங்க" என்று நீட்டினார். எரிந்தது. வேலை முடிந்தபின் பேட்டரியைத் திரும்பப் போட்டு நேரத்தைச் சரிபண்ணி மாட்டிவிட்டு வந்தேன். யூஎஸ்பி டார்ச் வைத்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் சார்ஜ் ஏற்றக் கரன்டும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை.

ஏஏ வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. பார்க்க அச்சு அசல் ஏஏ. ஆனால் சாதாரண ஏஏ மாதிரி 1.5 வோல்ட் இல்லை, 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. சில டார்ச் இரண்டையும் தாங்கும், சில தாங்காது. என்னிடம் வேலை பார்க்கும் பையன் தாங்காத ஒன்றில் போட்டுவிட்டான். "சைஸ் சரியாத்தானே இருந்துச்சுண்ணே" என்றான். நாலு நொடி பகல் மாதிரி எரிந்தது, அப்புறம் கருகல் வாடை. இரண்டு, சார்ஜ் ஏற்ற முடியாத அல்கலைன் பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். ஒரு கோடை முழுக்க வண்டிப் பெட்டியில் கிடந்த டார்ச்சைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பூப்பூத்துக் கிடந்தது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்தால் பொரிந்துகொண்டு வரும், காயவைத்துப் பார்க்கலாம். எனக்கு ஸ்பிரிங் பாதி அரித்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு நிக்கல் பேட்டரிக்கு மாறிவிட்டேன். இன்னொரு லாபமும் உண்டு: அல்கலைனில் உள்தடை அதிகம். அதனால் பெரிய வெளிச்சம் கேட்டால் வோல்ட் இறங்கிவிடும். நிக்கல் கடைசி வரை நிலையாக நிற்கும்.

சாவிக்கொத்து டார்ச்சைப் பெரிதாக அலச ஒன்றும் இல்லை. அழகாக இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளை பையில் மாட்டிவிட நல்லது. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி ஆறே மாதத்தில் தளர்ந்து, புழுதி அடைந்துவிட்டது. உள்ளே இருக்கும் பேட்டரி செத்தால் டார்ச்சோடு குப்பைக்குத்தான். ரிப்பேர் பார்க்கிற என்னால் அதை விரும்ப முடியவில்லை.

18650 வேறு சாதி. பேட்டரி மட்டுமே 45 கிராமுக்கு மேல். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அதனால் சட்டைப்பைப் போட்டியில் அது தோற்கிறது. ஆனால் வயல்காட்டுக்கு அதைவிட நல்ல டார்ச் கிடையாது. என் மச்சினன் மேலூர்ப் பக்கம் நெல் போடுகிறான். பெரியாறு கால்வாயில் முறைத்தண்ணீர் வரும் நாளில் நடுராத்திரிக்கு மடை திறக்கப் போகவேண்டும். அந்த நேரம்தான் கட்டுவிரியன் நடமாடும். அவனுக்கு வேண்டியது வரப்பில் பத்தடி முன்னால் அகலமாக விழும் வெளிச்சமும், அந்தக் கடைசி வயலில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று நின்ற இடத்திலிருந்து பார்க்கும் தூரமும். இரண்டும் 18650-இல் இருக்கிறது. நான் வாங்கியதை அவனிடமே கொடுத்துவிட்டேன். "மச்சான், இனிமே இத திருப்பிக் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டான்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம்: வெளிச்சத்தின் நிறம். எல்இடி வெள்ளையாகப் பிறப்பதில்லை. நீல எல்இடியின்மேல் பாஸ்பர் என்கிற, மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசித்தான் வெள்ளை ஆக்குகிறார்கள். அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மலிவான டார்ச்சில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு குறைவாக இருக்கும். சிவப்பு குறைந்தால் எனக்கு ஆபத்து. செல்லூரில் ஒரு பழைய வீடு. மெயின் பெட்டியைத் திறந்து மலிவு டார்ச் அடித்தேன். இருபது வருஷத்துப் புகையும் ஒட்டடையும் படிந்த சிவப்பு வயர் அந்த நீல வெளிச்சத்தில் அழுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கறுப்பு நியூட்ரலும் அதே மாதிரி. டெஸ்டர் வைத்துத்தான் பிரித்தேன். டெஸ்டர் எப்படியும் வைக்கத்தான் வேண்டும், ஆனால் கண்ணும் சேர்ந்து சொன்னால்தான் கை தைரியமாகப் போகும். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறம் எவ்வளவு அசலாகத் தெரியும் என்ற எண்) 90-க்கு மேல், நிறவெப்பம் (வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்ற எண்) 4000 கெல்வின் பக்கம் என்று இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும். என் ஏஏ டார்ச் அப்படிப்பட்டது. சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது.

அடுத்தது அடிவெளிச்சம். டார்ச்சை அமுக்கியதும் முதலில் ஒன்றிரண்டு லூமன்தான் வரவேண்டும் என்பது என் கட்சி. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்தில் தூங்குகிற பிள்ளை முழிக்காது, இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடாது. கெட்டால் மறுபடி பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். போன மாதம் என் மனைவியின் தோட்டுத் திருகாணி கழன்று உருண்டுவிட்டது. பெரிய வெளிச்சத்தை மேலிருந்து அடித்து அரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. அப்புறம் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துக் குறைந்த வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினேன். தரையில் கிடந்த அரிசிக்குருணைகூட நீளமாக நிழல் விட்டது. கட்டில் காலுக்குப் பின்னால் ஒரு குட்டி நிழல், அதன் நுனியில் மினுக்கென்று தங்கம்.

இதே வித்தையை மாங்குளம் மலையில் மகளுக்குக் காட்டினேன். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. பொழுது சாயும் நேரம் பாறையை நேராகப் பார்த்தால் வெறும் கல். டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்ததும், வெட்டிய எழுத்தின் ஒரு கரை நிழலாகி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உளி பட்ட இடத்தை என் மகள் விரலால் தொடாமல் காற்றில் எழுதிப் பார்த்தாள். அந்த வேலைக்கு ஏஏஏ டார்ச்சே போதுமானதாக இருந்தது.

சுவிட்ச், கிளிப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டு மெத்தென்ற சுவிட்ச் பையிலேயே அமுங்கி எரிந்துவிடும். ஒருமுறை என் சட்டைத்துணி சூடேறி வாடை வந்தபின்தான் கவனித்தேன். பின்பக்கம் டக்கென்று அமுங்கும் சுவிட்ச் நல்லது. இல்லையென்றால் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். மரைக்குக் கரன்ட் கடத்தாத பூச்சு போட்ட டார்ச்சில் கரன்ட் அறுந்துவிடும். கிளிப் இரண்டு பக்கமும் வளைந்ததாக இருந்தால் தொப்பியில் மாட்டலாம். வாலில் காந்தம் இருந்தால் இரும்பு பேனல் பெட்டியில் ஒட்டவைத்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். பல்லில் கடிக்கிற பழக்கம் எனக்கு அதனால்தான் விட்டது. தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் 7 போதும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும் என்று அர்த்தம்.

டவுன்ஹால் ரோட்டில் கடை ஏறி வாங்குகிறவர்கள் மூன்று காரியம் செய்து பாருங்கள். வெள்ளைச் சுவரில் அடித்து நடுவில் நீலத்திட்டு விழுகிறதா என்று பாருங்கள். உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். தோல் செத்த நிறமாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். கடைசியாக, குறைந்த வெளிச்சத்தில் விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். விரல் தொடர்ச்சியாகத் தெரியாமல் துண்டு துண்டாகத் தெரிந்தால் அது வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடுகிற மலிவு சர்க்யூட். ஓடுகிற மோட்டார் விசிறியை அந்த வெளிச்சத்தில் பார்த்தால் நிற்பதுபோல் தெரியக்கூடும், கையை நீட்டிவிடாதீர்கள்.