எடை குறைந்த பிளைவீல்: சிட்டி விடெக்கில் ஆறு ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் நான் ஓட்டிவரும் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் காரில் எடை குறைந்த பிளைவீலைப் பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில், கிளட்சுக்கு முன்னால் சுழலும் கனமான சக்கரம்தான் பிளைவீல். அதன் எடை குறைந்தால் இன்ஜின் சுழற்சி விரைவாக ஏறி இறங்கும். அன்றாட அலுவலகப் பயணம், வால்பாறை மலைப்பாதை, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எப்போதாவது கிடைக்கும் ஓட்டம் என எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதல் முயற்சி தவறாகப் போனது. செலவைக் குறைக்க எண்ணி, காருடன் வந்த பிளைவீலையே ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். ஒன்றரை கிலோ குறைந்தது. ஆனால் கடைந்ததெல்லாம் நடுப்பகுதியில், அதுவும் மறுபடி பேலன்ஸ் பார்க்காமல். 4,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டினால் கியர் குமிழைப் பிடித்த உள்ளங்கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தது. சுழல்வதற்குப் பிளைவீல் காட்டும் தடை, எடையை மட்டுமன்றி அந்த எடை மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. விளிம்பில் எடுக்கும் ஒரு கிலோ, பாதித் தூரத்தில் எடுக்கும் நான்கு கிலோவுக்குச் சமம் என்பதால், என் பிளைவீலில் பலன் ஏதும் தெரியாததில் வியப்பில்லை. அதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. மெலிந்த பிளைவீல் உயர் சுழற்சியில் உடைந்தால், துண்டுகள் அதை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இரண்டே வாரத்தில் அதைக் கழற்றிவிட்டேன்.

அடுத்து அலுமினியமா, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீலா என்ற கேள்வி வந்தது. காருடன் வந்த பிளைவீல் சுமார் 8 கிலோ இருந்தது. அலுமினியத்தில் மூன்றரை, ஸ்டீலில் 5 கிலோ அளவில் கிடைத்தன. அலுமினியத்தில் கிளட்ச் பிளேட் அழுந்தும் உராய்வுப் பரப்பு தனி ஸ்டீல் தட்டாகப் பொருத்தப்பட்டிருக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். போட்டிக்கு மட்டும் ஓடும் காராக இருந்தால் அதையே வாங்கியிருப்பேன். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் காருக்கு ஸ்டீலே பொருத்தம் என்று முடிவு செய்தேன், அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை.

இன்ஜினின் 106 குதிரைத்திறன் இதனால் கூடிவிடாது. கூடுவது சுழற்சி ஏறும் வேகம் மட்டுமே. அதுவும் எல்லாக் கியரிலும் ஒரே அளவில் அன்று. கியர்ப்பெட்டியும் ஃபைனல் டிரைவும் (அதற்கும் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள கடைசிப் பற்சக்கர இணை) சேர்ந்த விகிதத்தின், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் சுற்றும் சுற்றுகளின், இருமடிக்கு ஏற்பப் பலன் அமைகிறது. முதல் கியரில் 13, ஐந்தாவதில் 3 என்று கொண்டால், 169-க்கு 9. ஆகவே நெடுஞ்சாலையில் மாற்றம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆழியாறிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில்தான் இது தன் அருமையைக் காட்டுகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டாலே ஆர்பிஎம் முள் எழும்பி நிற்கும், கிளட்சை விட்டதும் குலுக்கலின்றிக் கியர் பற்றிக்கொள்ளும்.

நகரத்தில் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சட்டென்று இறங்கி மீள்கிறது. கியரை மெதுவாக மாற்றினால் சுழற்சி அதற்குள் விழுந்து கார் ஒரு வெட்டு வெட்டுகிறது. மேட்டில் புறப்படும்போது முதல் மாதத்தில் பலமுறை அணைந்துபோனது. “இன்னுங் கொஞ்சம் ஆர்பிஎம் ஏத்தி எடுங்ணா” என்று மெக்கானிக் தம்பி சொன்னபடி பழகிய பிறகே சரியானது. அப்படி எடுப்பதால் கிளட்ச் சற்று அதிகமாகத் தேய்கிறது.

பொருத்தும்போது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. கியர்ப்பெட்டியை இறக்கும் கூலிதான் பெரிய செலவு. பிளைவீல் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, எதிரெதிராக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு 41,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் மாற்றத் திறந்தபோது, உராய்வுப் பரப்பில் இரண்டு இடங்களில் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்தது. விரிசல் எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியரின் பற்களும் முழுமையாக இருந்தன. பரப்பைச் சுத்தம் செய்து அதே பிளைவீலைத் திரும்பப் பொருத்தினோம்.