ஆப்டிமிஸ்டா, டாப்பரா?

பிரிட்டனில் தன்னார்வலர்களே நடத்தும் பாய்மரப் பள்ளிகளில், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும்: பிள்ளைகள் ஓட்டிப் பழகும் இந்த இரண்டு சின்னப் பாய்மரப் படகுகளில் எதை வாங்குவது?

அளவு: ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர், 35 கிலோ. டாப்பர் 3.4 மீட்டர், 43 கிலோ.

கவிழ்ந்தால்: விஷயமே இங்கேதான். ஆப்டிமிஸ்ட் ஒரு தொட்டி. நிமிர்த்திய பிறகும் உள்ளே தண்ணீர் தளும்பி நிற்கும். கயிற்றில் கட்டிய வாளியால் எட்டு வயதுப் பிள்ளை நடுங்கிக்கொண்டே இறைக்க வேண்டும். டாப்பரோ தட்டையான பலகை மாதிரி. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று சாய்ந்தால் நிமிரும், தண்ணீர் தானே வழிந்துவிடும்.

உழைப்பு: டாப்பர் பிளாஸ்டிக் வார்ப்பு, கரையில் உரசினாலும் வெறும் கீறல்தான். ஆப்டிமிஸ்ட் படகுகள் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். மூலை உடைந்தால் ஒரு சனிக்கிழமை ஒட்டுப்போடும் ரெசின் பசையோடு போச்சு. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது.

செலவு: பழையதே வாங்குங்கள். பாய் கிழிந்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

பதினொரு வயதுக்குக் கீழே, அமைதியான ஏரி என்றால் ஆப்டிமிஸ்ட். பன்னிரண்டு தாண்டி, கால் நீண்டுவிட்டவர்களுக்கு டாப்பர். ஒரே வகைதான் முடியும், பழுது பார்க்கவும் ஆள் இல்லை என்றால் நான் டாப்பர் பக்கம்.