பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் அன்பியத்தின் துணைச் சேவை: இரண்டு ஆண்டு அனுபவம்

என் தாயாருக்கு 81 வயது. பள்ளத்தூரில் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அவருடன் செல்ல ஆள் இல்லாத நிலையில், அருகிலுள்ள சிறிய தேவாலயம் ஒன்றின் அன்பியத்தார் இரண்டு ஆண்டுகளாகத் துணைக்கு வருகின்றனர். அன்பியம் என்பது அண்டை வீட்டுக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, மறைநூல் வாசித்து, தெருவின் தேவைகளையும் பேசும் சிறு குழு. புதனும் சனியும் முதியவர்களுடன் வெளியே சென்று வருவதும், படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் மட்டுமே இவர்களுடைய பணி. கட்டணம் இல்லை; ஆட்டோ வாடகை நம்முடையது.

இவ்வளவு குறுகிய பணியை இவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. முதல் ஆண்டில், நன்றி மிகுதியால் ஐந்து சக்கர நாற்காலிகள் வாங்கித் தருவதாகச் சொன்னேன். "வைக்க இடமும் தள்ள ஆளும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அண்ணே" என்றார் குழுவை நடத்தும் அம்மையார். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர்ப்பக்கம் இது. கொடுப்பதாகச் சொன்னதை உடனே வாங்கிக்கொள்ளாதவர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கூட்டம் ஒரு தையற்காரர் வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் இரு வாரங்களில் இருவர் இருவராகச் சென்று, எல்லா மதத்தாருடைய வீடுகளிலும் கேட்டுவந்த விடைகளை ஒரு நோட்டிலிருந்து வாசித்தார்கள். அவர்கள் கேட்டது "உங்களுக்கு என்ன வேண்டும்" என்பதன்று. "கடந்த மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் நின்றீர்கள்" என்பது. முன்னதற்குப் பணம் என்ற ஒரே விடைதான் வரும். பின்னதற்கு மருத்துவரின் சீட்டு, வங்கி வரிசை, பதில் எழுதப்படாத கடிதம் என்று பெயருள்ள சங்கடங்கள் வருகின்றன. பார்த்தல், ஆராய்தல், செயல்படுதல் என்று கார்டினால் கார்டைன் இளம் தொழிலாளரிடையே பரப்பிய, 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானின் சுற்றுமடலும் எடுத்துரைத்த முறைதான் இது என்று அங்கிருந்த அருட்சகோதரி விளக்கினார்.

மாணவர்களுக்குக் காலை உணவு வழங்கலாம் என்றார் ஒருவர். 2022இல் தொடங்கிய அரசின் காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்துவிட்டதை மற்றொருவர் நினைவூட்டினார். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருவதால் மருத்துவ முகாமும் வேண்டாம் என முடிவாயிற்று. அதன்பின் தங்களிடம் இருக்கும் கைகளை எண்ணினார்கள்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், ஒரு முன்னாள் செவிலியர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், நேரம் உள்ள நான்கு பெண்கள். அந்தக் கைகளுக்குத் தக்க வேலையே தேர்வாயிற்று. மாலைநேரப் பாட வகுப்பு, அதை நடத்திய கல்லூரி மாணவி திருமணமாகிச் சென்றதால் மூடப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

தேர்வின் பயனை நான் உணர்ந்தது குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்றில்தான். என் தந்தையார் மத்திய அரசுப் பணியில் இருந்தவர். நவம்பரில் தரவேண்டிய அச்சான்றை 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம் என்பதை அறிந்து, வங்கியில் கூட்டம் சேருமுன்னரே அந்த வங்கி ஊழியர் வந்தார். ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்கவில்லை. அவர் கைப்பேசியின் முக அடையாளச் செயலி வழியே வேலையை முடித்தார்.

மதமாற்ற நோக்கம் இருக்குமோ என்று உறவினர்கள் கேட்டதால் இதையும் சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து திரும்பும்போது கொப்புடையம்மன் கோயிலில் இறங்க வேண்டும் என்று என் தாயார் சொன்னார். துணைக்கு வந்த பெண் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். துண்டுத்தாள் எதையும் யாரும் நீட்டவில்லை.

குறைகளும் உள்ளன. அழைப்பை ஏற்பவர் ஒருவரே. அவர் பூசைக்குச் சென்றால் ஒரு மணி நேரம் விடை வராது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் முழுவதும் சேவை இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் ஒருமுறை கண் பரிசோதனை தள்ளிப்போயிற்று. என் தாயாரின் ஆதார் அட்டையைத் தன்னார்வலர் ஒருவர் தம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். நான் ஆட்சேபித்தபின் அழித்துவிட்டார்கள். எனினும் அதை நாம் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர்கள் இருந்திருக்கக் கூடாது. பெண்களுக்குத் துணையாகப் பெண் வேண்டுமானால் புதன்கிழமைக்கே கேட்பது நல்லது. சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஆண்களே வருகின்றனர்.

இரவு அவசரத்துக்கு இவர்களை நம்பியிருக்க முடியாது, 108ஐத்தான் அழைக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே பதிவு செய்து, வாடகையை ஓட்டுநரிடமே கொடுத்துவிடவும். குழுவினர் கையில் வாங்குவதில்லை.