பவர் டூலுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு நடந்தது

வட சென்னை வியாசர்பாடியில் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் எர்ணாவூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் மாடிப்படிக் கைப்பிடி, பால்கனி கிரில் வேலை. தற்காலிக மீட்டர் கீழே காம்பவுண்டு சுவரில் இருந்தது, வேலை மூன்றாவது மாடி வரைக்கும். என்னிடம் இருந்த பழைய வயர் வெயிலில் காய்ந்து வெடித்துப் போயிருந்ததால், புதிதாக 30 மீட்டர் வாங்கப் பாரிமுனைக்குப் போனேன்.

நான் கேட்டது தெளிவாகத்தான் இருந்தது. மூன்று கோர் (ஒரே உறைக்குள் மூன்று தனி வயர்), ஒவ்வொன்றிலும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 ஸ்கொயர் எம்எம், சுத்தமான காப்பர், 14 இஞ்ச் கட்டிங் மெஷின் ஓட்ட வேண்டும். இரண்டு கடைகளில் விலை கேட்டுவிட்டு மூன்றாவது கடைக்குப் போனேன். அங்கே கிட்டத்தட்ட பாதி விலை, மீட்டர் 70 ரூபாய். எப்படி என்று கேட்டதற்கு, "நேரா கம்பெனியிலருந்து எடுக்குறோம்ணா, நடுவுல ஆளே கிடையாது" என்றார். கறுப்பு உறை, நல்ல தடிமன். மேலே வெள்ளை எழுத்தில் ஹெவி டியூட்டி, 2.5 ஸ்கொயர் எம்எம், காப்பர் என்று வரிசையாக அச்சு. ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி ஒன்றும் இருந்தது.

அப்புறம் அவர் காட்டியதுதான் என்னை விழ வைத்தது. கல்லாவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, வயர் நுனியைச் சீவி, கம்பிகளின் மேல் வைத்துக் காட்டினார். "பாருண்ணா, ஒட்டுதா? ஒட்டலைல்ல? செம்புதான்." நானும் சரி என்று தலையாட்டினேன். காந்தம் செம்பில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அலுமினியத்திலும் ஒட்டாது. அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு முனையில் 16 ஆம்ப்ஸ் பிளக் டாப் (சாக்கெட்டில் சொருகும் பிளக்), மறுமுனையில் இரண்டு சாக்கெட் வைத்த பாக்ஸ், எல்லாம் அவர்களே கோத்துத் தந்தார்கள். மொத்தம் 2,850 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சென்ட் கூடும்ணா, எஸ்டிமேட் தரேன், ஏதாச்சும்னா நேரா வா" என்றார். கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் பைப் வெட்டும் வேலையைக் கீழேயே வைத்துக்கொண்டோம். 10 மீட்டர் போல இழுத்தது போக மீதி வயர் சுருளாகத் தரையில் கிடந்தது. மெஷின் எடுக்கும்போதே இழுவை தெரிந்தது. வழக்கமாக ஸ்விட்சை அழுத்தியதும் சீறிக்கொண்டு போகும், அன்றைக்கு முனகியது. மீட்டரில் வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்று நினைத்து ஓட்டினோம். முக்கால் மணி நேரம் போயிருக்கும். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. எங்கிருந்து என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், என்னிடம் வேலை பார்க்கும் தம்பி வெட்டிய பைப்பை எடுக்க மெஷின் மேல் கை வைத்தான். ஒரு சத்தம் போட்டான், அப்படியே பின்னால் போய் விழுந்தான்.

ஓடிப்போய் டாப்பைப் பிடுங்கினேன். கையில் பிடிக்க முடியாத சூடு. பிளாஸ்டிக் இளகிப்போய், பின் ஒன்று சாய்ந்திருந்தது. தம்பியை ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ரப்பர் செருப்பு போட்டிருந்தான், தரையும் காய்ந்திருந்தது. அன்றைக்கு மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

மறுநாள் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். டாப்பின் மூடியைத் திறந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பும் கறுப்பும் ஸ்க்ரூவில் மாட்டியிருந்தன. பச்சை வயரை, அதாவது கசியும் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகும் எர்த்தை, வெட்டி உள்ளே மடித்து விட்டிருந்தார்கள். பெரிய பின் வெறும் அலங்காரம். ஆனால் மறுமுனையில் பாக்ஸுக்குள் அதே பச்சை வயர் ஒழுங்காக மாட்டியிருந்தது. அப்படியென்றால் நடந்தது இதுதான்: சுருளின் நடுவில் உறை உருகி, சிவப்பு வயரும் பச்சை வயரும் ஒட்டிக்கொண்டன. பச்சை எங்கேயும் பூமிக்குப் போகாததால் ஃபியூஸும் போகவில்லை, கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபியும் விழவில்லை. 230 வோல்ட் அப்படியே மெஷின் பாடிக்கு வந்து நின்றது. தம்பி கை வைக்கும் வரை காத்திருந்த மாதிரி.

மீதி வயரை முல்லை நகர் பக்கம் இருக்கும் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். எடைக்குப் போட இல்லை, பார்க்கத்தான். அங்கே இருக்கும் பாய் தினமும் வயர் உரிக்கிறவர். கையில் தூக்கிப் பார்த்ததுமே, "இதுல செம்பு ஏதுப்பா?" என்றார். ஒரு கம்பி இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே இருந்த செம்பு நிறம் தோல் மாதிரி போய், உள்ளே வெள்ளை. வெட்டிய தனி இழை ஒன்றை இடுக்கியில் பிடித்து லைட்டரில் காட்டினார். உருகிச் சின்ன உருண்டையாகச் சுருண்டது. செம்பு இழையாக இருந்தால் சிவந்து போகும், லைட்டருக்கெல்லாம் உருகாது. செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியம். பாயின் கணக்கு இன்னொன்றும் உண்டு: 30 மீட்டர், மூன்று கோர், நிஜமான 2.5 என்றால் உள்ளே செம்பு மட்டுமே 2 கிலோ இருக்க வேண்டும்.

இழைகளை எண்ணினோம். ஒரு கோரில் 24. எலக்ட்ரீஷியன் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 0.75 ஸ்கொயர்தான் வருகிறது. நிஜமான 2.5 வயரில் 0.3 மில்லிமீட்டர் இழை என்றால் 36 இருக்கும், 0.25 என்றால் 50 இருக்கும். தடிமனாகத் தெரிந்ததெல்லாம் உறைதான்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அவர் ஒரு சிமெண்ட் சாக்கில் எழுதிக் காட்டினார். 30 மீட்டர் வயரில் கரண்ட் போய்த் திரும்ப 60 மீட்டர். நல்ல 2.5 காப்பரில் அதற்கு அரை ஓம்தான் ரெசிஸ்டன்ஸ். என் வயரில் 2 ஓமுக்கு மேல். 10 ஆம்பியர் இழுக்கும் மெஷினுக்கு அங்கே 5 வோல்ட் குறையும், இங்கே 20க்கு மேல் குறையும். மெஷின் எடுக்கும் நொடியில் இழுக்கும் கரண்ட் இதைப்போல் பல மடங்கு, அதனால்தான் அந்த முனகல். வயரில் சூடாக வீணாவது அங்கே 50 வாட், இங்கே 200 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு சுருளில் மட்டும், ஒரு 100 வாட் குண்டு பல்பைவிட அதிகச் சூட்டை உள்ளே வைத்து மூடின மாதிரி. எம்சிபி ஏன் விழவில்லை என்று நான் கேட்டேன். 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு 10 ஆம்பியர் என்பது சாதாரண ஓட்டம், வயர் வேகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது என்றார்.

சுருளைப் பிரிக்காமல் ஓட்டியது என் தப்பு, அதை மறைக்கவில்லை. நல்ல வயராக இருந்தாலும் முழுசாகப் பிரித்துப் போட்டுத்தான் பெரிய மெஷின் ஓட்ட வேண்டும். ஆனால் எர்த்தை வெட்டி மடித்து வைத்தது என் தப்பு இல்லை.

கடைக்குப் போனேன். உருகிய சுருளை மேஜையில் வைத்தேன். "இது எங்க சரக்குன்னு எதுல போட்டிருக்கு?" என்று கேட்டார். சீட்டைக் காட்டினேன். அதில் வெறும் எண்கள்தானே! ஜிபேயில் பணம் போனதும் கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு. அதைச் சொன்னதும், "பட்டறைக்காரன் நீ, பார்த்து வாங்கியிருக்கணும்" என்றார். மெஷினின் ஆர்மேச்சரும் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) கருகிவிட்டது, ரீவைண்டிங் செலவு தனி. எல்லாவற்றையும்விட அவர் அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் வயர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். உறையின் தடிமனைப் பார்க்காதீர்கள், நுனியைச் சீவச் சொல்லி இழையை எண்ணுங்கள், சுரண்டிப் பாருங்கள். காந்தம் டாப்பின் பின் இரும்பா என்று பார்க்க மட்டும்தான் உதவும். பித்தளைப் பின்னில் ஒட்டாது. கடல் காற்று அடிக்கும் நம் பக்கத்தில் இரும்புப் பின் சீக்கிரமே துரு ஏறிச் சூடாகும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் ஐஎஸ் 694 என்ற வயருக்கான தர எண்ணும் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பரும் கூடவே இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி என்று அங்கேயே தெரிந்துவிடும். என் வயரில் முத்திரை இருந்தது, நம்பர் இல்லை.

அளவு விஷயத்தில், 4 இஞ்ச் கிரைண்டர், டிரில் மாதிரி சின்ன மெஷினுக்கு 15 மீட்டர் வரை நல்ல 1.5 காப்பர் போதும். கட்டிங் மெஷினுக்கும் 30 மீட்டருக்கும் 2.5க்குக் கீழே போகாதீர்கள். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை முழு ஆம்பியரில் ஓட்டுகிறவர்களுக்கு 4 ஸ்கொயர் வேண்டும், 16 ஆம்ப்ஸ் டாப்பும் அதற்குத் தாங்காது. சைட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைக் கட் செய்யும் ஸ்விட்ச்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்திருந்தால் தம்பி கை பட்ட கணமே லைன் கட்டாகியிருக்கும்.

ஜெனரேட்டருக்கு வயர் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தபோது, இரண்டு பக்கமும் டாப் வைத்த வயர் கோத்துக் கொடுங்கள் என்று ஆட்கள் கேட்டு வந்ததாக எலக்ட்ரீஷியன் சொன்னார். ஜெனரேட்டரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கத்தான். யார் கேட்டாலும் கோத்துத் தராதீர்கள், வாங்காதீர்கள். ஒரு முனையைச் சொருகினால் மறுமுனைப் பின் கையிலேயே உயிரோடு இருக்கும். மெயினை ஆஃப் செய்ய மறந்தால், தெருக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் வரைக்கும் போய் அடிக்கும். வயர் பத்தவில்லை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ படிக்கட்டு அடியிலேயோ கொண்டுவந்து வைக்கவும் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். நல்ல நீள வயர் வாங்குங்கள், ஜெனரேட்டர் வெளியே நிற்கட்டும்.

1915க்குப் போன் செய்தேன். அது நுகர்வோர் உதவி எண். பொறுமையாகக் கேட்டார்கள், கடைசியில் பில் இருக்கிறதா என்றார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துத் தொழில் செய்கிறவன் வாங்கும் பொருளுக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவனும் நுகர்வோர்தான். பட்டறைக்காரன் என்று தட்டிவிட முடியாது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. இத்தனை வழி இருந்தும் என் கையில் பெயரில்லாத சீட்டுதான் இருக்கிறது. 18 பர்சென்ட்டுக்காக நான் விட்டது இதைத்தான்.

கறுப்பு உறை, வெள்ளை எழுத்து, கம்பெனி பெயர் இல்லாமல் ஹெவி டியூட்டி என்று மட்டும் போட்ட வயரை கடையிலேயே கோத்து வாங்கி வைத்திருக்கிறீர்களா? சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, இன்றைக்கே டாப்பின் மூடியையும் பாக்ஸின் மூடியையும் திறந்து பச்சை வயர் இரண்டு பக்கமும் ஸ்க்ரூவில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த வயரில் ஒரு டிரில்கூட ஓட்டாதீர்கள்.