கொடிக்கு 14 பட்டை, கோலத்துக்கு ஏழு டின் அரிசி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் தனியார் பள்ளி தேடும் பெற்றோர் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: கட்டணம் எவ்வளவு, தேர்வில் எத்தனை ‘ஏ’. இரண்டுக்கும் பள்ளி அலுவலகத்திலேயே பதில் கிடைத்துவிடும். அங்கே கிடைக்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஓர் ஆண்டில் ஒரு பள்ளி எந்தெந்த நாள்களைக் கொண்டாடுகிறது, அவற்றை யார் கையால் செய்கிறது என்பதுதான் அது.

என் மகள் இங்குள்ள ஒரு தனியார் பள்ளியில் ஆண்டு 1-இல் சேர்ந்தாள். இப்போது படிவம் 1, அதாவது இடைநிலையின் முதல் வகுப்பு. குறையும் சொல்லப்போகிறேன், அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். ஆகவே பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடிக்கடையில் ரவிக்கையும் பஞ்சாபி உடையும் தைப்பவள். கணவருக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஒவ்வொரு தவணைக் கட்டணத்தையும் எண்ணி எடுத்து வைத்துத்தான் கட்டுகிறோம். அதனால் கொடுத்த காசுக்குப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் ஆகஸ்ட் மாதம். எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஆண்டு 5-இலிருந்து ஒவ்வொரு வகுப்பும் தேசிய தினத்துக்குத் தன் கொடியைத் தானே தைக்க வேண்டும். கடையில் வாங்கிய கொடியைக் கட்டுவதில்லை. கையூசிதான், இயந்திரம் கிடையாது. என் கடையில் மிஞ்சும் சிவப்பு, வெள்ளைத் துண்டுகளை நான் கொடுத்துவிடுவேன் என்பதால் மகளின் ஆசிரியை என்னையும் இரண்டு நாள் வரச் சொன்னார். போனேன். பிள்ளைகள் மேலே வெள்ளைப் பட்டையை வைத்து ஆறு பட்டைகளை இணைத்து முடித்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் ஆசிரியை கண்ணால் தடுத்தார். “கீழே போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் அவர்களிடம் சொன்னார். ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். சிவப்பில் தொடங்கி வெள்ளையில் முடிய வேண்டும், ஏழும் ஏழும் பதினான்கு. நீலப் பகுதி எட்டாவது பட்டையின் அடிவரை இறங்க வேண்டும். ஜாலூர் கெமிலாங் என்னும் நம் தேசியக் கொடியை ஆயிரம் முறை பார்த்திருந்தாலும், இந்த எட்டாவது பட்டைக் கணக்கு அன்றைக்குத்தான் எனக்கும் பதிந்தது.

நட்சத்திரத்துக்கும் 14 முனை. ஒவ்வொரு முனையிலும் நெருக்கமாக இரண்டு தையல் போட்டால்தான் பிசிர் அடங்கும். அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. கண்ணாடி போட்ட ஒரு மலாய்ப் பையன் பதினான்கு முனைகளையும் தானே தைப்பேன் என்று பிடிவாதம் பிடித்துத் தைத்து முடித்தான். எங்கள் கடையில் வேலை பழக வரும் பெண்களிடமும் அந்தப் பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை. கொடிகள் 31 ஆகஸ்ட் தொடங்கி 16 செப்டம்பர் வரை மாடிக் கைப்பிடியில் தொங்கும். 1957-இல் சுதந்திரம் பெற்றதற்கு ஒரு நாள், 1963-இல் மலேசியா உருவானதற்கு ஒரு நாள், இரண்டும் ஏன் வேண்டும் என்று அந்தக் கொடியின் கீழேயே பாடம் நடக்கும். 13 மாநிலங்களோடு கூட்டரசையும் சேர்த்துத்தான் 14 என்று மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் விளக்கினாள். இந்த ஒரு விழாவுக்காகவே அந்தப் பள்ளியைச் சிபாரிசு செய்வேன்.

விளையாட்டுப் போட்டி நாளும் நல்ல ஏற்பாடு. ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவார்கள், பினாங்கு வெயில் தெரிந்தவர்கள். நான்கு இல்லங்கள், அதாவது அணிகள். எந்தப் பிள்ளையும் ஒரு போட்டியிலாவது இறங்காமல் வீட்டுக்குப் போகாது. பெற்றோருக்குக் கயிறு இழுத்தல் உண்டு, செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள்.

16 மே ஆசிரியர் தினத்தில் மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு மணி நேரம் கீழ்வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். எளிய வழக்கம்தான், விடாமல் செய்கிறார்கள்.

பள்ளியில் உணவுக் கடைகள் போடும் சிற்றுண்டிச்சாலை நாளில் எனக்கு ஒரு வருத்தம். கூப்பனை 20 ரிங்கிட் கட்டாகத்தான் விற்கிறார்கள், மிஞ்சினால் பணம் திரும்பாது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாற்பது. வாங்கிய கூப்பனைச் செலவழிக்கவே பிள்ளைகள் தேவையில்லாத குளிர்பானம் குடிக்கிறார்கள். சில்லறையாக விற்றால் என்ன குறைந்துவிடும்?

பண்டிகைகளுக்கு வருகிறேன். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளில் தூரிகையால் எழுதுகிறார்கள், நோன்புப் பெருநாளுக்கு எல்லா வகுப்பும் கெத்துபாட் சோற்றுக்கான ஓலைக்கூடு பின்னுகிறது. தைப்பூசத்துக்குப் பள்ளி எதையும் செய்வதில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஊரே நடக்கிற நாளில் பிள்ளையும் ஊரோடு நடக்கட்டும்.

தீபாவளிக்கு அரிசிக் கோலம். எங்கள் வீடு அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்தால் நடைபாதை, மின்தூக்கி. வாசல் என்று ஒன்று இல்லை. என் மகள் கோலம் கற்றுக்கொண்டது பள்ளியில்தான் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, நன்றிதான் இருக்கிறது.

2025-இல் தீபாவளி 20 அக்டோபர், திங்கட்கிழமை. பள்ளியில் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கோலம் போட்டார்கள். தொழுகைக்குப் போகும் மாணவர்கள் பன்னிரண்டு மணிக்குள் கிளம்ப வேண்டும், அவர்கள் இல்லாமல் கோலத்தை முடிக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. அதனால் ஏழரைக்கே மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் மயில் வரைந்தாகிவிட்டது. அரிசிக்கு இரண்டு நாள் முன்பே சாயம் ஏற்றியிருந்தார்கள். உணவுச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்துப் பிசறி, பழைய நாளிதழ்களில் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், ஈரம் இருந்தால் அரிசி கையில் ஒட்டும்.

மயிலின் கழுத்தை என் மகளின் சீனத் தோழி நிரப்பினாள். முதல் பிடி மொத்தமாகக் கொட்டியது. என் மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலைச் சுட்டுவிரல்மேல் வைத்து மெல்ல உருட்டிக் காட்டினாள். அப்புறம் அரிசி நூல் இழுத்ததுபோல் இறங்கியது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டே கழுத்து முழுவதையும் முடித்தாள். மூக்கு நுனியில் வேர்வை நின்றது; அது அரிசியில் விழுந்துவிடுமோ என்று தலையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

இன்னொரு வழக்கம், இதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கோலம் கலைக்கும்போது அரிசியைக் குப்பையில் போடுவதில்லை. நிறம் கலையாமல் அள்ள முடிந்ததை ஆறு பிஸ்கட் டின்களில் தனித்தனியே போடுகிறார்கள். கலந்துபோனது ஏழாவது டின்னுக்குப் போகிறது. அடுத்த ஆண்டுக் கோலத்தின் பின்புலம் அந்த ஏழாவது டின்தான். அந்தத் தீபாவளியில் மயிலைச் சுற்றிக் கிடந்த அரிசியில், படிவம் 5 முடித்துப் போய்விட்ட பிள்ளைகள் தூவியதும் இருந்தது.

இவ்வளவையும் சொந்தக் கையால் செய்கிற பள்ளி, ஆண்டுக் கலைநிகழ்ச்சியை மட்டும் வெளியாளிடம் கொடுத்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். முன்பெல்லாம் பிள்ளைகளே முகமூடி ஒட்டுவார்கள், தாய்மார்கள் உடை தைப்போம், மேடையில் சுருதி பிசகினாலும் பாடுவது பிள்ளைகளாக இருக்கும். இப்போது உடைக்கு வாடகை மட்டும் 120 ரிங்கிட். வந்த உடையை நான் புரட்டிப் பார்த்தேன். நைலான் வலைத்துணி, உள்ளே லைனிங் கிடையாது, சமிக்கியைத் தைக்காமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். பக்கத் தையலில் துணி கால் அங்குலம்கூட விடவில்லை. மேடையேற அரைமணி நேரம் இருக்கும்போது மகளின் இடுப்புப் பக்கம் பிரிந்தது. கைப்பையில் எப்போதும் ஊசிநூல் வைத்திருப்பேன். அவள் நின்றபடியே தைத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. அவள் மேடையில் இருந்தது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் பதிவுசெய்த குரலுக்கு வாயசைத்தாள். என் மகளுக்கு நல்ல குரல். பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கத்தான் நான் கடையை மூடிவிட்டு வந்திருந்தேன். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

விளக்கும் ஒலியும் பிரமாதம் என்று பலர் சொன்னார்கள். பிரமாதமாகத்தான் இருந்தன.

பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சேர்க்கை நாளில் காட்டும் ஒளிப்படத் தொகுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் பெரும்பகுதி அந்தக் கலைநிகழ்ச்சிதான். ஆகஸ்ட் கடைசி வாரம் அனுமதி கேட்டு ஒரு பிற்பகல் போய் மாடிக் கைப்பிடியைப் பாருங்கள். கொடிகளின் தையல் கோணலாக இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்.

கலைநிகழ்ச்சி பற்றித் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மகளின் வகுப்பில் 34 பிள்ளைகள். மூன்று மாதம் முன்னால் அளவு கொடுத்தால் 34 உடைகளையும் பருத்தியில், லைனிங் வைத்து நானே தைத்துத் தருகிறேன், துணிக்காசு மட்டும் போதும், பிள்ளைகளைப் பாடவிடுங்கள் என்று எழுதினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு தெரிந்ததும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.